ஓ நெகட்டிவ் என்றால் எல்லாருக்கும் ஓடித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: எனக்கு 29 வயது. வீடு திருவொற்றியூர். மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறேன். கல்லூரியில் முகாம் நடந்தபோது இரத்தம் கொடுத்தேன், அப்போதுதான் ஓ நெகட்டிவ் என்றே தெரிந்தது. இதுவரை ஒன்பது தடவை கொடுத்திருக்கிறேன். யாரோ என் நம்பரை வாட்ஸ்அப்பில் போட்டுவிட, மாதம் நாலைந்து போன் வருகிறது. போன வாரம் ஒருவர் கூப்பிட்டார். கொடுத்து 52 நாள்தான் ஆகிறது என்று சொன்னேன். “யாருக்கு வேணாலும் சேருற ரத்தத்தை வெச்சுக்கிட்டு இப்படிப் பேசுறீங்களே, ஒரு உசுரு போனா உங்களாலதான்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்றிலிருந்து மனசே சரியில்லை. அம்மாவோ, “இனிமே எவனுக்கும் குடுக்காத, உன் தங்கச்சி பிரசவத்துக்கு வெச்சுக்கோ” என்கிறார். தங்கைக்கும் ஓ நெகட்டிவ்தான். முதல் பிரசவம், ஏழாம் மாதம், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியில் பார்க்கிறோம். நான் என்ன செய்யட்டும் டாக்டர்? எனக்கே ஒன்று என்றால் யார் கொடுப்பார்கள்?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தின் கடைசியிலிருந்து தொடங்குகிறேன். போகிற போக்கில் தங்கையைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள். இந்தக் கடிதத்தில் நாள் பார்த்துச் செய்ய வேண்டிய விஷயம் அது ஒன்றுதான்.

தங்கையின் கணவருக்கு என்ன குரூப்? பாசிட்டிவ் என்றால் வயிற்றில் இருக்கும் குழந்தையும் பாசிட்டிவாக இருக்க வாய்ப்பு உண்டு. பிரசவ நேரத்தில் குழந்தையின் இரத்தம் கொஞ்சம் தாயின் இரத்தத்தில் கலக்கும். நெகட்டிவ் உடம்புக்கு அது அந்நியம், அதனால் அதை எதிர்க்க ஆன்டிபாடி தயாரித்து வைத்துக்கொள்ளும். இந்தக் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடுத்த குழந்தையும் பாசிட்டிவாக அமைந்தால், அந்த ஆன்டிபாடி அதன் சிவப்பணுக்களை வயிற்றுக்குள்ளேயே உடைக்க ஆரம்பிக்கும். இதைத் தடுக்கத்தான் ஆன்டி-டி ஊசி. 28-வது வாரத்தில் ஒன்று போடுவார்கள். குழந்தை பிறந்து அதன் குரூப் பாசிட்டிவ் என்று தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. முதல் ஊசிக்கு முன் ஐ.சி.டி. என்று ஒரு இரத்தப் பரிசோதனை இருக்கிறது, தாயின் உடம்பில் ஏற்கெனவே ஆன்டிபாடி உருவாகிவிட்டதா என்று பார்ப்பதற்கு. ஏழாம் மாதம் என்கிறீர்கள், அந்த 28-வது வாரம் ஏறக்குறைய இப்போதுதான் வருகிறது. தங்கையின் அட்டையில் ஐ.சி.டி. முடிவு இருக்கிறதா என்று இன்று மாலையே எடுத்துப் பாருங்கள். இல்லை என்றால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் போய்க் கேட்டுவிடுங்கள். முன்பு கரு கலைந்திருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் இதைப் பேசக் கூச்சப்படுவார்கள். ஆனால் அப்போதும் இதே கலப்பு நடந்திருக்கலாம்.

அடுத்தது அம்மாவின் யோசனை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். பாசத்துக்கு அது சரி, இரத்தம் ஏற்றுவதில்தான் அதுவே சிக்கல். முன்பின் தெரியாதவர் கொடுத்த இரத்தத்தில் ஒட்டிக்கொண்டு வரும் வெள்ளை அணுக்களை நம் உடம்பு அந்நியன் என்று கண்டுபிடித்து அழித்துவிடும். கூடப் பிறந்தவர், பெற்றவர், பிள்ளை கொடுத்தால் சில சமயம் உடம்பு ஏமாந்துவிடும். ‘நம்ம ஆள்தானே’ என்று விட்டுவிடும். உள்ளே வந்த அணுக்களோ அப்படி நினைக்காது. அங்கேயே பெருகி, இடம் கொடுத்த உடம்பையே தாக்கும். மிக அபூர்வமாகத்தான் நடக்கும், ஆனால் நடந்துவிட்டால் பெரும்பாலும் பிழைக்க முடியாது. அதனால்தான் இரத்த உறவினர் கொடுத்த இரத்தத்தைக் கதிர்வீச்சு காட்டித்தான் ஏற்ற வேண்டும் என்பது விதி. அந்தக் கருவி எல்லா இடத்திலும் கிடையாது. அண்ணன் வாசலில் தயாராக நின்றாலும், உள்ளே இருக்கும் டாக்டர் முதலில் தேடுவது முகம் தெரியாத ஒருவர் கொடுத்த ஓ நெகட்டிவைத்தான். வேறு வழியே இல்லாத நேரத்தில் என்ன செய்வது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அப்படியானால் உங்கள் இரத்தம் தங்கைக்குப் பயன்படாதா? பயன்படும், கொஞ்சம் சுற்று வழியில். போன் வந்த அன்று கொடுத்து 52 நாள், ஆண்கள் விட வேண்டிய 90 நாள் இடைவெளிக்கு அன்று 38 நாள் பாக்கி. தங்கைக்குத் தேதி வர இன்னும் பன்னிரண்டு வாரம் போலத் தெரிகிறது. 90 முடிந்த மறுநாளே ஓட வேண்டாம். தேதிக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது, தங்கையின் ஆஸ்பத்திரிக்கு எந்த இரத்த மையத்திலிருந்து இரத்தம் வருகிறது என்று கேட்டு, அங்கே போய்க் கொடுங்கள். ஆர்.எஸ்.ஆர்.எம்., ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லியிலேயே இரத்த மையம் இருக்கிறது. (2020-ல் சட்டத்தில் ‘இரத்த மையம்’ என்று பெயர் மாற்றினார்கள். நான் உட்பட எல்லாரும் இன்னும் பிளட் பேங்க் என்றுதான் சொல்கிறோம்.) சிவப்பணுக்கள் குளிர்பெட்டியில் 35 நாள் இருக்கும், சேர்க்கும் திரவத்தைப் பொறுத்து 42 நாள் வரைகூடத் தாங்கும். பிரசவ நேரத்தில் அங்கே ஓ நெகட்டிவ் இருப்பு ஒரு பை கூடியிருக்கும். உங்கள் பை வேறு யாருக்கோ போகும், தங்கைக்குத் தேவைப்பட்டால் வேறு யாருடையதோ வரும். ‘தங்கச்சிக்கு ஓ நெகட்டிவ், இந்தத் தேதி’ என்பதையும் அங்கே இப்போதே சொல்லி வையுங்கள். இன்னொன்று, பெரும்பாலான பிரசவங்களில் இரத்தம் ஏற்றும் தேவையே வராது. அரசாங்கம் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து ஜன்னல் வழியாக எறிந்துவிடாமல் இருந்தாலே பாதி கவலை தீரும்.

சரி, போன் செய்தவருக்கு வருவோம். அவர் கோபத்தில் சொன்னதை விடுங்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும் மனிதன் யாரைக் கடித்தாலும் மன்னிக்கலாம். ஆனால் “யாருக்கு வேணாலும் சேருற ரத்தம்” என்றாரே, அதை நீங்களும் நம்புவதுதான் உங்களைத் தூங்க விடவில்லை.

1901-ல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் ஏ, பி என்ற அடையாளங்களைக் கண்டுபிடித்தார். பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரிக்கும் ஆர்எச் சமாச்சாரம் தெளிவாக 1940 ஆகிவிட்டது. உங்கள் சிவப்பணுக்களின் மேல் ஏ-வும் இல்லை, பி-யும் இல்லை, ஆர்எச்-சின் டி-யும் இல்லை. எதிரி கண்ணில் படுகிற மாதிரி மேலே பெரிதாக ஒன்றும் இல்லாததால் பெரும்பாலான உடம்புகள் அவற்றை எதிர்க்காமல் உள்ளே விடும். சிவப்பணுவுக்கு மட்டும்தான் இந்தப் பெருமை. உங்கள் பிளாஸ்மாவில், அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதியில், ஏ-வையும் பி-யையும் தாக்கும் ஆன்டிபாடிகள் இரண்டுமே இருக்கின்றன, அதனால் அது ஓ குரூப்காரருக்குத்தான் ஆகும். பிளாஸ்மாவில் எல்லாருக்கும் கொடுக்கக் கூடியவர் ஏபி குரூப்காரர். சிவப்பணுவில்கூட விதிவிலக்கு உண்டு. கெல், டஃபி என்று இன்னும் பல அடையாளங்கள் இருப்பதால், நேரம் இருந்தால் ஓ நெகட்டிவையும் நோயாளியின் இரத்தத்தோடு சேர்த்துப் பார்த்துத்தான் கொடுப்போம். பம்பாய் குரூப் என்று ஒன்று இருக்கிறது, 1952-ல் பம்பாயில் டாக்டர் பெண்டே குழுவினர் கண்டறிந்தது. அவர்களுக்கு ஓ-வும் ஆகாது.

பிறகு எப்போதுதான் ‘யாருக்கும் சேரும்’ என்பது உயிரைக் காப்பாற்றும்? எண்ணூர் நெடுஞ்சாலையில் ட்ரெய்லரில் அடிபட்ட ஒரு பெண்ணைக் கொண்டுவருகிறார்கள் என்று வையுங்கள். பெயர் தெரியாது, குரூப் தெரியாது, இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது. குரூப் பார்க்கப் பத்து நிமிடம், முழுதாக ஒத்துப் பார்க்க முக்கால் மணி நேரத்துக்கு மேல். அந்த இடைவெளியில் ஏற்றுவதற்குத்தான் குளிர்பெட்டியில் ஓ நெகட்டிவ் வைத்திருப்பது. இதே விபத்தில் ஆண் ஒருவர் வந்தால் பல இடங்களில் ஓ பாசிட்டிவையே ஏற்றிவிடுவார்கள். டி-க்கு எதிரான ஆன்டிபாடி நெகட்டிவ்காரர் உடம்பில் பிறவியிலேயே இருப்பதில்லை என்பதால் முதல் தடவை பொதுவாகச் சமாளித்துவிடும். பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களுக்கும் சிறுமிகளுக்கும்தான் நெகட்டிவை எடுத்து வைக்கிறோம். காரணம் மேலே தங்கை கதையில் இருக்கிறது.

இதில் கவனியுங்கள், அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது போன் போட்டு வரவழைத்த இரத்தம் இல்லை. இன்று நீங்கள் கொடுத்தால் அதை எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா எல்லாவற்றுக்கும் சோதித்து, சிவப்பணு தனி, பிளாஸ்மா தனி என்று பிரித்து வெளியே விடச் சில மணி நேரம் பிடிக்கும். பல இடங்களில் மறுநாள்கூட ஆகும். இன்று இரவு உதவப் போவது போன வாரம் யாரோ வந்து சத்தமில்லாமல் கொடுத்துவிட்டுப் போனது. நீங்கள் அந்த ‘யாரோ’வாக இருங்கள் என்பதுதான் என் ஆலோசனை. போனுக்கு ஓடும் ஆளாக இருக்க வேண்டாம். உயிர் போகிற அவசரத்தை விட்டால், ஓ நெகட்டிவ் நோயாளிக்கு ஓ நெகட்டிவ் தவிர வேறு எதுவும் ஏற்றுவதில்லை. நம் நாட்டில் நூறு பேரைப் பிடித்தால் நெகட்டிவ் என்று ஐந்தாறு பேர் இருப்பார்கள், அதில் ஓ நெகட்டிவ் இரண்டு பேர் தேறினால் அதிகம். எல்லாருக்கும் சேருமே என்று கண்டபடி செலவழித்தால், வேறு எதுவுமே சேராதவருக்கு மிஞ்சாது. “எனக்கே ஒன்று என்றால்” என்று கேட்டீர்களே, அந்த மிஞ்ச வேண்டிய கணக்கில் நீங்களும் தங்கையும் இருக்கிறீர்கள்.

எனக்கு ஒரு காட்சி இன்னும் மறக்கவில்லை. பெயர் வேண்டாம், ஒரு ஆஸ்பத்திரி. இரத்த மையத்து வாசலில் பெரியவர் ஒருவரின் சொந்தக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். மச்சான், மருமகன், அண்ணன் பிள்ளைகள் என்று ஆளுக்கு ஒரு போன். ஒருவர் தரையில் குந்தி உட்கார்ந்து, முழங்காலில் ஒரு நோட்டை வைத்து நம்பர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தார். “சார், ஓ நெகட்டிவ், ரொம்ப அர்ஜென்ட்” என்று இருபது தடவையாவது என் காதில் விழுந்தது. பெரியவரின் குரூப் ஓ நெகட்டிவ்தான், ஆனால் அவருக்கு வேண்டிய இரண்டு பை ஏற்கெனவே உள்ளே இருந்தது. ‘எடுத்ததற்கு ஈடாக இரண்டு பேர் கொடுங்கள்’ என்றுதான் கேட்டிருந்தார்கள். ஈட்டுக்கு எந்தக் குரூப்பாக இருந்தாலும் சரி. “உங்களில் இரண்டு பேர் கொடுக்கலாமே” என்றேன். “எங்களுது அந்த குரூப் இல்லையே டாக்டர்!” விளக்கிச் சொன்ன பிறகு அத்தனை பேரும் கீழே குனிந்து செருப்பைப் பார்த்தார்கள். ஒரு மருமகன் மட்டும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தார். ஈடு கேட்பதே நல்ல பழக்கம் இல்லை, தானாக வந்து கொடுப்பவரை நம்பித்தான் மையங்கள் ஓட வேண்டும் என்பதும் என் எண்ணம். ஆனால் வாசலில் நிற்பவரிடம் அந்தச் சொற்பொழிவு எடுபடாது.

ஆகவே அடுத்த போன் வந்தால் முதலில் கேட்க வேண்டியது, நோயாளியின் குரூப் என்ன? ஏ நெகட்டிவ் என்றால் ஏ நெகட்டிவைத் தேடட்டும். ஏபி நெகட்டிவ் என்றால் நாலு வகை நெகட்டிவும் அவருக்கு ஆகும். நீங்கள் கடைசி ஆளாக இருந்தால் போதும். ஓ நெகட்டிவ்தான் என்றால் எந்த ஆஸ்பத்திரி, எந்த மையம், ஈட்டுக்கா ஏற்றுவதற்கா என்று கேளுங்கள். மையத்துக்கு ஒரு போன் போட்டால் இரண்டு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். மழைக்காலத்தில் டெங்குக்குத் தட்டணு (பிளேட்லெட்) வேண்டும் என்று வரும் போன்களில் முக்கால்வாசிக்கு நீங்கள் தேவையே இல்லை. தட்டணுவுக்குக் குரூப் அவ்வளவு கறார் இல்லை, உங்கள் பிளாஸ்மாவோடு சேர்ந்து போவது ஏ, பி ஆட்களுக்கு உகந்ததும் இல்லை. ஈ-ரக்த்கோஷ் என்ற அரசு இணையதளத்தில் எந்த மையத்தில் என்ன குரூப் இருக்கிறது என்று பார்க்கலாம், அந்த விவரத்தை அனுப்பிவிட்டாலே பெரிய உதவி. உங்கள் நம்பரை எல்லாக் குழுவிலிருந்தும் எடுக்கச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு மையத்தில் மட்டும் கொடுத்து வையுங்கள். இருப்பு குறையும்போது அவர்களே கூப்பிடுவார்கள். சும்மா போய்க் கொடுத்து, அது 42 நாளில் காலாவதியாவதைவிட இது மேல்.

யாராவது ‘வண்டிச் செலவுக்கு’ என்று இரண்டாயிரம் மூவாயிரம் நீட்டினால் வாங்காதீர்கள். 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு இரத்தம் கொடுப்பது தடை. உங்கள் நம்பரை வைத்து நடுவில் யாராவது காசு வாங்குகிறார்களா என்றும் ஒரு கண் வையுங்கள்.

இனி உங்கள் உடம்பு. 52 நாள் என்று மறுத்தீர்களே, அது சரியான பதில். ஆணுக்கு 90 நாள், பெண்ணுக்கு 120 நாள் இடைவெளி என்பது சும்மா போட்ட கணக்கு இல்லை. 350 மில்லியில் போகிற நீர்ப்பகுதி ஓரிரு நாளில் திரும்பிவிடும். சிவப்பணுக்கள் ஊறச் சில வாரம் ஆகும். ஆனால் அதோடு போகும் இரும்புச்சத்து 150 மில்லிகிராமுக்கு மேல், அது சாப்பாட்டில் துளித்துளியாகத்தான் சேரும். உடம்பின் இரும்புக் கிடங்கு காலியாக இருந்தாலும் ஹீமோகுளோபின் கொஞ்ச நாள் நன்றாகவே காட்டும். விரலில் குத்தி எடுத்த சொட்டை நீல நிறத் தண்ணீரில் விடுவார்களே, பார்த்திருப்பீர்கள். மயில்துத்தக் கரைசல் அது. சொட்டு ஒரு கணம் தயங்கி நின்று, நேராக அடியில் இறங்கினால் 12.5 கிராமுக்குக் குறையவில்லை என்று அர்த்தம். மிதந்தால் வீட்டுக்குப் போகச் சொல்லுவோம். அந்தச் சொட்டு கிடங்கைக் காட்டாது. ஒன்பது தடவை கொடுத்துவிட்டீர்கள், அடுத்த முறைக்கு முன், அந்தக் கிடங்கைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனையை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

“உடம்பு வற்றிப் போய்விடும்” என்று உங்கள் அம்மாவும் சொல்லுவார் என்று நினைக்கிறேன், என் அம்மாவும் சொன்னதுதான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கொடுத்தால் வற்றாது, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஓடினால் அவர் சொல்வது சரியாகிவிடும். அவரிடமே பொறுப்பைக் கொடுங்கள். வாரம் ஒரு நாள் சுவரொட்டியோ ஈரலோ, மற்ற நாளில் முருங்கைக்கீரை, கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். டீ அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தங்கைக்கும் டீ விஷயம் பொருந்தும். சுவரொட்டி, ஈரலை மட்டும் அவருடைய டாக்டரிடம் கேட்காமல் அடிக்கடி கொடுக்க வேண்டாம், ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

கிரேன் ஓட்டுகிறீர்கள் என்பதால் ஒன்று. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் நேராக வந்து படுக்காதீர்கள், கொடுத்துவிட்டு அன்றைக்கே கேபினில் ஏறாதீர்கள். அடுத்த ஷிப்டுக்கு 24 மணி நேரமாவது இருக்க வேண்டும். உச்சி வெயிலில் நாற்பதடி உயரத்தில் தலை சுற்றினால் தரையில் நிற்பவனுக்கும் ஆபத்து. வார விடுமுறைக்கு முந்தின நாள் காலை ஷிப்ட் என்றால், முடித்துவிட்டு, சாப்பிட்டு, இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு மாலையில் போங்கள்.

தங்கைக்கும் நெகட்டிவ் என்பதால் உங்கள் சித்தப்பா, பெரியம்மா பிள்ளைகளில் இன்னும் ஓரிருவர் இருக்கலாம், பரிசோதிக்கச் சொல்லுங்கள். தங்கையை இப்போதைக்கு எந்தப் பட்டியலிலும் சேர்க்க வேண்டாம். பிரசவம் ஆகி ஒரு வருடமாவது போக வேண்டும், தாய்ப்பால் கொடுக்கும் வரை கேட்கவே கூடாது. அப்புறம், ஆன்டி-டி ஊசி போட்ட தேதியை அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள். பிரசவ வார்டில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், 72 மணி நேரம் என்பது அங்கே சீக்கிரம் ஓடிவிடும்.